இடப்பக்க ஜன்னலில் சிம்போராசோ

லடாகுங்கா,
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க எர்மெலிந்தா அக்காவுக்கு, தம்பி செகுந்தோ தெரான் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் சொய்லாவும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ கோல் ஊன்றாமல் குவயாகில் வெயிலில் நடக்கிறாய் என்று கேட்டு ரொம்ப சந்தோஷம். அந்த முழங்கால் மட்டும் ஒரு மாதம் முன்னால் சரியாகி நீ கல்யாணத்துக்கு வந்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. போன கடிதத்தில், "யெஸேனியாவைக் கட்டிக்கொடுத்த வீட்டோடு அதற்குள் உனக்கு என்னடா தகராறு?" என்று கேட்டிருந்தாய். தகராறு என்னுடையது இல்லை அக்கா. சரியான பக்கத்தில் சரியான இடத்தில் நிற்கிற ஒரு மலையை, ஒருவர் தப்பான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததால் வந்தது.

சம்பந்தி ஒமேரோ தாவாலோஸை நீ பார்த்ததில்லை. ரியோபாம்பாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், மனைவியை இழந்தவர். கடையின் பெயர் 'மாமலை'. பெயர்ப் பலகையில் அவர்கள் ஊர்ப் பனிமலை சிம்போராசோ, சரக்கு வண்டியின் இரண்டு பக்கமும் சிம்போராசோ, ஆணி போட்டுக் கொடுக்கிற காகிதப் பையிலும் சிம்போராசோ. சம்பந்தம் பேச அவர் வீட்டுக்குப் போனபோது எங்களை உட்காரக்கூட விடாமல் மொட்டை மாடிக்கு ஏற்றி, வானம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த மேகத்தைக் காட்டி, "அதுக்குப் பின்னாடிதான் இருக்கார், ஒரு சிலுவை போட்டுக்குங்க" என்றார். நானும் மேகத்துக்குச் சிலுவை போட்டேன். பெண்ணைக் கொடுக்கிற இடம், வேறு என்ன செய்வது? என்னைப் பற்றி உனக்கே தெரியும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் என் மேசைக்கு நேர் எதிரே இருந்த ஜன்னலில் நம் ஊர் எரிமலை கோட்டோபாக்ஸியைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். கட்டிக்கொண்ட சொய்லாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். கோட்டோபாக்ஸியின் எந்தச் சரிவில் பனி முதலில் உருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாப்பிள்ளை ஃபௌஸ்தோ நல்ல பையன், ஆனால் அனுபவம் போதாது. அவனும் யெஸேனியாவும் வேலை பார்ப்பது குவெங்காவில் என்பதால் கல்யாணமும் அங்கேயே என்று முடிவாயிற்று. பெரியவர்கள் மலைப்பாதையில் பஸ்ஸில் இடுப்பொடிய வேண்டாமென்று அவன் தலைநகர் கீட்டோவிலிருந்து குவெங்காவுக்கு விமானச் சீட்டு எடுத்தான். எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். சம்பந்திகள் பேசிப் பழகட்டும் என்று எங்கள் மூவரையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டான். ஜன்னலோர இருக்கை என் பெயரில். நடுவில் சம்பந்தி, ஓரத்தில் சொய்லா. நான் பிறவி மரியாதைக்காரன் ஆயிற்றே, "சம்பந்தி, நீங்க ஜன்னல்கிட்ட உக்காருங்க" என்றேன். இப்படிச் சொன்னால் "ஐயோ வேண்டாம், நீங்களே உக்காருங்க" என்பார்கள், நாமும் இன்னொரு தடவை வற்புறுத்திவிட்டு உட்கார்ந்துவிடலாம், அதுதானே உலக வழக்கம்? அந்த மனிதர் "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து தொப்பியையும் மடியில் வைத்துக்கொண்டார், அக்கா. அவ்வளவுதான். நான் நடு இருக்கையில், எனக்கு நானே வெட்டிக்கொண்ட குழியில் இறங்கினேன்.

விமானம் மேலே ஏறி மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. சம்பந்தி தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "வந்துட்டார்! எங்கப்பன் சிம்போராசோ!" என்று கத்தினார். முன் வரிசைக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. நான் அவருடைய தொப்பைக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல, "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. தெற்கே போறப்போ சிம்போராசோ வலது பக்கம் வரும். நாம உக்காந்திருக்கறது இடது பக்கம். இது எங்க கோட்டோபாக்ஸி" என்றேன்.

"எங்க ஊர் மலை எந்தப் பக்கம் வரணும்னு நீங்க சொல்வீங்களா?"

"நான் சொல்லலை, வரைபடம் சொல்லுது."

"வரைபடம் போட்டவன் கீட்டோக்காரன். அவன் எங்க ஊருக்கு என்னைக்கு நல்லது செஞ்சான்?"

"சம்பந்தி, கூம்பு மாதிரி இருக்கு பாருங்க. கூம்புன்னா கோட்டோபாக்ஸி."

"என் கடையில விக்கிற புனல்கூடத்தான் கூம்பு மாதிரி இருக்கு. அதையும் உங்க ஊருக்கே எழுதிக் குடுத்துரட்டுமா?"

உண்மையைச் சொல்வதென்றால் அந்த மலை கொஞ்சம் சப்பையாகத்தான் தெரிந்தது. அது ஜன்னல் கண்ணாடியின் கோளாறு. சிம்போராசோவோ வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்த பசு மாதிரி இருக்கும், இதைப் போய் அதுவென்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இதை நான் மனசுக்குள் வைத்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது. "பசுவா?" என்று திரும்பினார் பார், பெல்ட் அறுந்துவிடும் என்று பயந்தேன். பூமியின் நடுவிலிருந்து அளந்தால் உலகத்திலேயே உயர்ந்தது அவர்கள் மலைதான் என்று ஆரம்பித்தார். "அது பூமிக்கே தொப்பை விழுந்த இடத்துல நிக்குது சம்பந்தி, நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு நான்தான் உசரம்னா யார் ஒத்துக்குவா?" என்றேன். அவர்கள் மலை நாட்டுச் சின்னத்தில் இருக்கிறதாம், எங்கள் மலை எதில் இருக்கிறது, தீப்பெட்டியிலா என்று கேட்டார். அத்தோடு விட்டாரா? "உங்க மலை உங்க ஊரையே எத்தனை தடவை சேத்துல புதைச்சிருக்கு! புதைக்கப் புதைக்க அதே இடத்துல வீடு கட்டிக்கிட்டு, புதைச்சவனோட படத்தையே கூடத்துல மாட்டிக்கிறீங்க. மாவு தின்னா மூளையும் மாவாத்தானே இருக்கும்!" என்றார். லடாகுங்காக்காரனை வறுத்த வாற்கோதுமை மாவு தின்னி என்று நாடே கேலி பேசுவதை நானும் நீயும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியவர்கள்தான். ஆனால் பெண் கொடுத்த வீட்டு வாயால், அத்தனை உயரத்தில், இறங்கிப் போகவும் வழியில்லாத இடத்தில் கேட்கும்போது அதன் ருசியே வேறு.

இதற்குள் விமானம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பின் இருக்கையிலிருந்து பான்யோஸ் ஊர்க்கார அம்மா ஒருத்தி, "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அது எங்க ஊர் மலை, துங்குராவா அம்மா. அவளைத் தினம் பார்த்துக்கிட்டேதான் துணி காயப்போடறேன்" என்றாள். இன்னொருவர் எழுந்து அது கயாம்பே என்றார். கயாம்பே வடக்கே, நமக்குப் பின்னால் போய்விட்டதே என்று சொன்னதற்கு, "அப்ப திரும்பி வந்திருக்கும்" என்றார். திரும்பி வந்தது மலையா விமானமா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அக்கா, அந்த விமானத்தில் அவனவன் அவனவன் ஊர் மலையைத்தான் பார்த்தான். மலையே இல்லாத ஊர்க்காரர் ஒருவர் மட்டும் அது மேகம்தானே என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருந்து அவரை உட்கார வைத்தோம். வலப்பக்கத்து ஆட்கள்கூட எழுந்து வந்து நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பணிப்பெண் தள்ளுவண்டியோடு வழி கேட்டுக் கேட்டு வந்தாள். "நீயே சொல்லும்மா, தினம் போறவ, இது என்ன மலை?" என்றேன். "தினம் போறேன் வரேன், வெளிய பாக்க எனக்கு யாரு நேரம் குடுத்தா? காபியா, தண்ணியா?" என்றாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து, விமானியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் குரல் வந்தது. கடைசி எழுத்தை விழுங்குகிற பேச்சு. ஆள் கடற்கரைப் பக்கம் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. "இடது பக்கம் உக்காந்திருக்கறவங்க கவனத்துக்கு. நீங்க பார்த்தது அன்டிசானா. கோட்டோபாக்ஸி இன்னைக்கு மேகத்துக்குள்ள. தயவுசெஞ்சு எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க, மலை எங்கயும் போயிடாது." சம்பந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக எங்களுக்குள் ஒரு பாசம் ஊறியது. "கேட்டீங்களா கூத்தை!" என்றார் அவர். "இறால் உரிச்சு வளந்தவனுக்குப் பனிமலையைப் பத்தி என்ன தெரியும் சம்பந்தி!" என்றேன் நான். கை குலுக்கிக்கொண்டோம். (இந்த வரியை அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே. அவர் இறால் பண்ணை வைத்திருப்பதை நான் மறக்கவில்லை. அவர் வேறு, விமானி வேறு.) கை குலுக்கியதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "கோட்டோபாக்ஸியைப் போய் அன்டிசானாங்கறான் பாருங்க" என்று சேர்த்துவிட்டேன். கை விலகிக்கொண்டது. மறுபடி பிடித்துக்கொண்டது சண்டை. கடைசியில் நான் எழுந்து நின்று, கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் பொதுவாக, "மன்னிச்சுக்குங்க, சம்பந்தி முதல் தடவையா விமானம் ஏறியிருக்கார், பாவம், இடது வலது குழம்பிப்போச்சு" என்றேன். நல்ல சிரிப்பு. பான்யோஸ் அம்மாகூடச் சிரித்தாள். சம்பந்தி ஜன்னல் மறைப்பைச் சடாரென்று இறக்கிவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். குவெங்காவில் இறங்குகிற வரைக்கும் அந்த மறைப்பு திறக்கவில்லை. ஜன்னலோர இருக்கையை நான் விட்டுக்கொடுத்த லட்சணம் இது.

இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மகனிடம் போனார். "இடது கை வலது கை தெரியாதவன்னு ஊர் சிரிக்கச் சொன்ன மனுசன்கூட நான் ஒரே பெஞ்சுல உக்கார மாட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிற பஸ் நிலையத்துக்கு நடையைக் கட்டினார். அன்று சாயங்காலம் கல்யாணம், அக்கா! ஃபௌஸ்தோ முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. தலையில் பாதி சுருள் கம்பியும் பாதி பூவுமாக எங்களை அழைக்க வந்திருந்த யெஸேனியா என்னைப் பார்த்த பார்வை, அவள் அம்மாவிடம்கூட நான் பார்த்ததில்லை. "அப்பா, எனக்கு மலை வேண்டாம். மாமனார் வேணும். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. அவர் வரலைன்னா கோயிலுக்குள்ள நான் தனியா நடந்துக்கறேன், உங்க கை எனக்கு வேண்டாம்."

ஓடினேன். இந்த வயதில், கல்யாணச் சட்டையில். ரியோபாம்பா பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் டிக்கெட் கேட்டுக் கையைக் குறுக்கே நீட்டினான், "ஒரு சம்பந்தியை இறக்கணும்பா" என்று சொல்லிப் புகுந்துவிட்டேன். பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சம்பந்தி, எழுந்து வாங்க. பிள்ளைங்க காத்திருக்காங்க."

"பெத்சபேக்கு ஒரே ஒரு ஆசை" என்றார், என்னைப் பார்க்காமல். பெத்சபே என்றால் அவர் மனைவி, போன வருஷம் தவறிப்போனவள். "மேல இருந்து ஒரு தடவை சிம்போராசோவைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கீழ இருந்து அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்குது, ஒரு தடவை குனிஞ்சு பாக்கறேனேம்பா. எனக்குக் கடை. சரி, நானாவது பார்த்துட்டு அவகிட்டப் போய்ச் சொல்லலாம்னு வந்தேன். நீங்க சொன்னது சரின்னு எனக்குத் தெரியாதா? அந்த மலைக்குக் கீழேயே பொறந்தவன், எனக்குத் தெரியாதா? தப்பான பக்கத்துல உக்காந்துட்டேன்னு உக்காந்த அப்புறம்தான் உறைச்சுது. அதை அத்தனை பேர் முன்னாடி நீங்க சொல்லித்தான் ஆகணுமா?"

பஸ் நகர ஆரம்பித்தது. நான் அங்கேயே நின்றபடி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீங்க பார்த்தது சிம்போராசோதான்! சத்தியமா சிம்போராசோதான்! நான்தான் தப்பு!" என்று கத்தினேன். முன்னாலிருந்து யாரோ, "எங்கே? எந்தப் பக்கம்?" என்று ஜன்னலைத் திறந்தார்கள். நடத்துநர், "இறங்கறவங்க இறங்குங்கய்யா, இது என்ன பிரசங்க மேடையா" என்றான். சம்பந்தி எழுந்தார். அவர் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். கல்யாணப் பரிசாகக் குழாய்ச் சாமான் அடைத்திருந்தார் போலிருக்கிறது, இன்னும் தோள் வலிக்கிறது.

கல்யாணம் நன்றாக நடந்தது. யெஸேனியா என் கையைப் பிடித்துத்தான் நடந்து வந்தாள். விருந்துக்கு முழுப் பன்றியை வாட்டியிருந்தார்கள், பக்கத்தில் மலையாகக் குவித்த, வேகவைத்த வெள்ளை மக்காச்சோளம். பட்டை போட்டுக் காய்ச்சிய சாராயம் சூடாக வந்துகொண்டே இருந்தது. சொய்லா தானாகவே போய் சம்பந்தியை நடனத்துக்குக் கூப்பிட்டாள். ஒரு பாட்டு முழுக்க ஏதோ பேசிக்கொண்டே ஆடினார்கள், அவர் பாதியில் ஆடுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் பேசுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். இப்போது என் முறை என்று கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தேன். நல்ல மனசோடுதான் எழுந்தேன், நம்பு. ஆனால் அந்தச் சாராயத்துக்கு நாக்கை அவிழ்த்துவிடுகிற குணம் உண்டு. "இன்று காலையில் ஓர் அதிசயம் நடந்தது. சிம்போராசோ மலை, என் சம்பந்தியின் மேல் உள்ள மரியாதையால், வலப்பக்கத்திலிருந்து எழுந்து நடந்து வந்து இடப்பக்கத்தில் நின்று அவருக்குக் காட்சி கொடுத்தது!" கூடம் அதிரச் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில் சம்பந்தி எழுந்தார். கோப்பையைத் தொடவில்லை. என் பேச்சில் நல்ல பகுதியெல்லாம் இனிமேல்தான் இருந்தது, அதற்கும் காத்திருக்கவில்லை. வெளியே முற்றத்துக்குப் போய் தண்ணீர்க் குழாயண்டை சுவரைப் பார்த்து நின்றவர், கடைசிவரை உள்ளே வரவேயில்லை. போகும்போது "வரேன்" என்று ஒரு வார்த்தை, அதுவும் என் காலணியைப் பார்த்து.

மணப்பெண்ணின் தகப்பன் பேசும்போது எழுந்து போவது எந்த ஊர் மரியாதை? பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னவன் நான், விளையாட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னதைப் பொறுக்காதவர் அவர். ஆகவே அக்கா, நீ மூத்தவள், உன் வார்த்தைக்கு ஒரு எடை உண்டு. ரியோபாம்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. சபையில் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி நாலு வரி, கண்டிப்பாக. கீட்டோவிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குச் சிம்போராசோ வலப்பக்கம் என்பதையும் போகிறபோக்கில் சேர்த்துவிடு. அவராக மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் நான் அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன், அந்தக் கடையில் ஓர் ஆணிகூட வாங்க மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பரிசுத்த மாதா உன் முழங்காலையும் உன் தம்பியின் மானத்தையும் ஒருசேரக் காக்கட்டும்.

என்றும் உன் சொல் கேட்கும் தம்பி,
செகுந்தோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பிழை பார்க்க சொய்லாவிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்தாள். "இதை அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "அவர் எழுந்து போனது உங்க பேச்சுக்காக இல்ல. நீங்க பேசினது அவர் காதுலயே விழலை" என்றாள். பிறகுதான் எல்லாம் சொன்னாள். விமானத்தில் நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது, சத்தம் பொறுக்காமல் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாளாம். வலப்பக்கத்து ஆட்களெல்லாம் எங்களை வேடிக்கை பார்க்க எழுந்து வந்துவிட்டதால் அந்த வரிசை காலி. அந்த ஜன்னலில், ஒரு துண்டு மேகம் இல்லாமல், முழுசாகச் சிம்போராசோ. எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நடனத்தின்போது அதைத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "பெத்சபேகிட்டச் சொல்லணும், நிதானமா, ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்று கேட்டாராம். இருக்கைக்கு வந்ததும் அவருக்கு அழுகை தாங்கவில்லை, வெளியே போய்விட்டார், அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொய்லாவுக்குப் போன் வருகிறதே, அவள் தங்கைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தானாம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறாராம்.

"ஏண்டி, இதை விமானத்துலயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "தோளைத் தட்டினேன். 'சும்மா இரு, உனக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்'னீங்க" என்றாள். "சரி, எனக்கும் கொஞ்சம் சொல்லேன், எப்படி இருந்துச்சு?" என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே அக்கா, ரியோபாம்பாவுக்கு எதுவும் எழுத வேண்டாம். நீ சொய்லாவுக்கு ஒரு போன் போட்டு, அந்த மலை எப்படி இருந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டு, எனக்கு விவரமாக எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.